உளியும் கத்தியும்

கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பை வைத்தாற்போல் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போல ஒரு புழு தலைகாட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அது அறுந்து உள்ளேயே தங்கிச் சீழ் வைத்துவிடும். குச்சி ஒன்றில் அதன் நுனியைச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். சில புழுக்கள் மூன்றடி நீளம்கூட இருக்கும். முழுதும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். நரம்புச் சிலந்தி என்ற பெயரைக் கேட்டாலே கிராமங்கள் நடுங்கிய காலம் அது.

நூறாண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் இந்தக் குச்சி வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். புழுவை எடுத்துக் கட்டுப்போட்டதோடு அவர் வேலை முடியவில்லை. ஆட்கள் தண்ணீர் மொள்ளும் கிணற்றைப் பார்க்கப் போனார். புழு தலைநீட்டிய காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால் அதன் குஞ்சுகள் அதில் கலக்கும். பொடி நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் கிளம்பும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள், கிணற்றுக்குள் கால் வைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்வதே அவருடைய மருந்துச் சீட்டாக இருந்தது. பிற்காலத்தில் இந்தியா இந்த நோயை ஒழித்ததும் பெரும்பாலும் இதே வழியில்தான். 1996-இல் கடைசி நோயாளி. 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ்.

ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் பெற்ற டாக்டர் இல்லை. மிஷனரிகளுக்கென்று லண்டனில் நடந்த குறுகிய மருத்துவப் பயிற்சிதான் அவருக்கு இருந்தது. கைவந்த தொழில் கட்டட வேலை. அவருடைய மகன் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்திய அறுவை மருத்துவராக உலகம் முழுதும் பேர் வாங்கினார். அவரும் டாக்டராவதற்கு முன் கொத்துவேலையும் தச்சுவேலையும் பழகியவர். தமிழ்நாட்டு மருத்துவ மிஷன் வரலாற்றில் பெரிய மருத்துவமனைகளும் அவற்றை நிறுவியவர்களும் அடிக்கடி பேசப்படுகிறார்கள். இந்தக் குடும்பத்தின் கதையில் மருத்துவத்தைவிட வீடு, கிணறு, பட்டறை, செருப்பு ஆகியவை அதிகம் வருகின்றன.

கொல்லிமலைக்கு அப்போது மோட்டார் சாலை கிடையாது. இன்றைய எழுபது கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் பிற்காலத்தவை. சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளியிலிருந்து நடந்து ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மலைமேல் ராத் தங்கவே தயங்கினார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி 1907-இல் இந்தியா வந்தார். 1913-இல் ஈவ்லினை மணந்து மலையேறினார். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்தவர், ஓவியம் கற்றவர். வாழவந்தி என்ற இடத்தில் எழுந்தது அவர்கள் வீடு. மரச்சட்டங்களைக் கீழிருந்து ஆள்வைத்துச் சுமந்து, கறையான் ஏறாதபடி தரையிலிருந்து தூக்கி நிறுத்திய மரவீடு அது. பல் பிடுங்குவதும் புண் கழுவுவதும் ஜுரத்துக்கு மருந்து கொடுப்பதும் அதன் வாசலில் நடந்தன. மலைப் பையன்களுக்குத் தச்சுவேலை சொல்லித்தரும் இடமும் அதை ஒட்டியே இருந்தது.

இத்தனைக்கும் நோக்கம் சுவிசேஷம்தான். அதை அவர்கள் ஒருநாளும் மறைக்கவில்லை. மலை மக்களும் அதை அறிந்தே இருந்தார்கள். மருந்துக்கு வந்தவர்கள் மதத்துக்கு வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். ஆண்டுகள் பல கடந்தும் மதம் மாறியவர் என்று சொல்ல ஆளில்லை. 1918-19 இன்ஃப்ளூயன்சா விஷஜுரத்தில் கதை மாறியது. வீடு வீடாக ஆட்கள் விழுந்துகிடக்க, ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஊற்றினார்கள். அந்தப் பூசாரியும் படுத்தார். உறவும் அக்கம்பக்கமும் ஒதுங்கி நின்ற அந்த வீட்டுக்குள் இவர்கள் போனார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் பெண் குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் மலையில் சிறு சபை ஒன்று உருவானது. கிராமம் மருந்தைச் சோதித்ததைவிட ஆளை நீண்டகாலம் சோதித்தது என்று தோன்றுகிறது.

பால் 1914 ஜூலையில் பிறந்து இந்த வீட்டில் வளர்ந்தவர். ஒருநாள் மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். கைவிரல்கள் குட்டையாகத் தேய்ந்து, பாதங்களில் கந்தல் சுற்றியிருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, எப்போதும் வெறுங்கையால் வைத்தியம் செய்யும் அப்பா அன்றைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு புண்ணைக் கழுவினார். அந்தக் கையுறை சிறுவனின் மனதில் தங்கிவிட்டது. ஒன்பது வயதில், 1923-இல், படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அப்பாவை அதன்பின் அவர் பார்க்கவில்லை. 1929-இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தபோது அவருக்கு வயது 44.

அப்பா வழியிலேயே மிஷன் வேலைக்கு வர விரும்பிய பால், முதலில் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் கற்றார். பின்பு அப்பா படித்த அதே மாதிரியான குறுகிய மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் தன் ஆசை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. லண்டனில் மருத்துவம் படித்தார். போர்க் குண்டுகள் விழுந்த காலத்தில் அறுவை சிகிச்சை பழகினார். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம் அதற்குள் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது.

மறு ஆண்டு செங்கல்பட்டுக்குப் போனார். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்திக்கொண்டிருந்தவர் ராபர்ட் காக்ரேன். டாப்சோன் மருந்தை இந்தியாவில் பரப்பியதில் முக்கியமானவர். தோலைப் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், முடங்கிய கையைப் பார்க்க எலும்பு மருத்துவர் ஒருவர்கூட வரவில்லையே என்பது காக்ரேனின் ஆதங்கம். பிராண்ட் ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பருந்தின் நகம் போல மடங்கிக் கிடந்த அந்தக் கை அவரை அலறவைக்கும் அளவுக்கு இறுக்கியது. செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட கையில் இவ்வளவு பலம் எப்படி?

விடையைத் தேடிச் செங்கல்பட்டில் இறந்த நோயாளிகளின் உடல்களை ஆராய்ந்தார்கள். நோய்க்கிருமி நரம்பை எல்லா இடத்திலும் கெடுக்கவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் போல நரம்பு தோலுக்கு அருகில் ஓடும் சில இடங்களில்தான் அது வீங்கி அழிந்திருந்தது. உள்ளங்கைத் தசைகள் செயலிழந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருந்தன. அவற்றில் ஒன்றின் தசைநாணைப் பிரித்தெடுத்து விரலோடு பொருத்தினால் விரல் நிமிரும். 1948-இல் வேலூரில் இந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. தொழுநோயாளியின் சதை ‘கெட்ட சதை’, வெட்டினால் ஆறாது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த நேரத்தில், வெட்டிய இடங்கள் மற்றவர்களுக்குப் போலவே ஆறின.

கை நிமிர்ந்தது. ஆனால் சில மாதங்களில் ஆட்கள் சோர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள். முடங்கிய கையை நீட்டினால் காசு விழும். நல்ல கையைப் பார்த்து யாரும் காசு போடவில்லை. முகத்திலும் காலிலும் நோயின் தடம் இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை, வாடகைக்கு வீடும் கிடைக்கவில்லை. சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டப்படி, பிச்சையெடுக்கும் ஏழைத் தொழுநோயாளியைப் போலீஸ்காரர் வாரண்ட் இல்லாமலே பிடித்து நோயாளர் இல்லத்தில் அடைக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், சாப்பாட்டுப் பண்டம் விற்கவும் அவர்களுக்குத் தடை விதிக்கலாம்.

இங்கேதான் பழைய கொத்தனார் உள்ளே வருகிறார். 1950களின் தொடக்கத்தில், நன்கொடையாக வந்த பணத்தைக் கொண்டு, வேலூர் பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகள் எழுந்தன. பெயர் நவஜீவ நிலையம். அறுவை முடிந்தவர்கள் அங்கே குடியிருந்து தொழில் பழகினார்கள். சொந்த ஊருக்குப் போனால் எப்படிப்பட்ட வீட்டில் வாழப்போகிறார்களோ, அப்படிப்பட்ட வீட்டிலேயே இருந்து பழகட்டும் என்பது கணக்கு. தச்சுப் பட்டறையில் மரப் பொம்மைகள் செய்தார்கள். இழைப்பதையும் அறுப்பதையும் பிராண்டே நின்று சொல்லிக்கொடுத்தார்.

பட்டறை ஓடத் தொடங்கியதும் புதுப் பிரச்சினை. நிமிர்த்திவைத்த கைகளில் தினம் ஒரு புண். இது நோயின் வேலையா? எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு புண்ணையும் துப்பறியத் தொடங்கினார்கள். சுத்தியல் பிடியில் ஒரு சிலும்பு. சூட்டோடு பிடித்த டம்ளர். விளக்கின் கண்ணாடி. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துகொடுத்த சம்பவத்தை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். தரையில் ரத்தம் சொட்டிய பிறகுதான் பார்த்தார்: சாவி அழுந்தி விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. சிறுவனுக்கு வலியே தெரியவில்லை. நாம் கை நோகும்போது பிடியைத் தளர்த்திவிடுகிறோம். தளர்த்தச் சொல்ல அவனிடம் வலி இல்லை. விரலைத் தின்றது நோய் இல்லை. வலி தெரியாத கையோடு செய்த அன்றாட வேலைகள்தான் அதைத் தேய்த்தன.

பெரும்பாலான புண்களுக்குக் காரணம் கிடைத்தது. ராத்திரியில் படுத்துக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும் மர்மம் மட்டும் விடுபடவில்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவரின் மரத்துப்போன விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அன்றுமுதல் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மாத்திரையோடு ஒரு பூனையும் தரப்பட்டது.

காலுக்கும் இதே கணக்கு. ஆறாத பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் ஆறியது; வெறுங்காலோடு நடந்தால் மறுபடி வந்தது. அப்படியானால் செருப்புதான் மருந்து. தோல், மரம், பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று தமிழ்நாட்டு மருத்துவமனைகள் இன்றும் சொல்லும் செருப்பு அந்தத் தேடலில் பிறந்தது. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தபிறகு வேலை விரிந்தது. பாலின் மனைவி மார்கரெட் கண் மருத்துவர். இமை மூடாமல் கண் வறண்டு பார்வை இழக்கும் நிலையில் இருந்தவர்களுக்கு, மெல்லும் தசையின் ஒரு இழையை இமையோடு பொருத்தும் அறுவையைச் செய்தார். அதற்குப் பிறகு மெல்லுவதுபோல் தாடையை அசைத்தால் கண் மூடும். புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைமுடித் தோலை எடுத்து ஒட்டினார்கள். அது தலைமுடிபோலவே வளர்ந்துகொண்டிருக்கும், அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்து, புதர்போல் வளர்த்துப் பெருமையாகச் சுற்றினார்கள்.

1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னாளில் வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தவர் அவரே; 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மலையில் பாலின் அம்மாவின் கதை தனியாக ஓடியது. எழுபது வயதை நெருங்கிய ஈவ்லினை இனி மலைக்கு அனுப்ப முடியாது என்று மிஷன் தலைமை சொல்லிவிட்டது. வழியனுப்பு விழாவும் நடந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். சிறு குடிசை ஒன்றில் இருந்துகொண்டு, மட்டக்குதிரையில் கல்வராயன் மலை வரைக்கும் போய் வைத்தியம் பார்த்தார். குதிரையேற முடியாமல் போனபோது டோலியில் போனார். 1974-இல் தொண்ணூற்றைந்தாவது வயதில் இறந்தவரை ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பால் பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார், 2003-இல் இறந்தார். வேலூரில் கற்ற மாவுக்கட்டும் செருப்பும் அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்குக் கைகொடுத்தன. அவர்களுக்கும் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், அதே மாதிரி புண் வரும். நம்மூர்ச் சர்க்கரை நோய்க் கிளினிக்கில் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று எழுதித் தரும் டாக்டர்கள் பலருக்கு அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

மருந்தும் மாறியது. 1980களில் பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் நோய் முழுதும் குணமாகத் தொடங்கியது. 2005 முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே போனதாக இந்தியா அறிவித்தது. வீட்டு வாசலில் மாற்றம் அதைவிட மெதுவாக வந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்று காட்டி விவாகரத்துப் பெறும் வழி இந்து திருமணச் சட்டம் உள்ளிட்ட தனிநபர் சட்டங்களில் 2019 வரை இருந்தது.