கூடலூர் வழக்கும் சொத்துரிமையும்

அரசு ஒருவரது உடைமையை எடுத்துக்கொண்டால், அதனை மக்கள் பொதுவாகப் ‘பறிமுதல்’ என்றே சொல்வர். சட்டமோ இவ்விடத்து இரு செயல்களை வேறு பிரித்துக் காண்கின்றது. சந்தனக் கட்டையைக் களவாக ஏற்றிச் செல்லும் வண்டியை அரசு எடுத்துக்கொள்வது பறிமுதல். அது குற்றத்தின் விளைவு. அதற்கு ஈட்டுத்தொகை இல்லை. அணை கட்டவும் இருப்புப்பாதை அமைக்கவும் நிலம் எடுப்பது கையகப்படுத்தல். அங்கே உடையவர் குற்றவாளி அல்லர். ஆதலின் அவருக்கு ஈடு தருதல் முறையாகும்.

அரசு நிலம் எடுக்கும் அதிகாரத்தின் எல்லை யாது? இவ்வினாவை எழுப்பிய பெருவழக்கு நம் நீலகிரியிலேயே தோன்றியது. வெலிங்டனிலிருந்து உதகை வழியாக மேற்கே மலையிறங்கினால் கூடலூரை அடையலாம். 1877-இல் மலபார் மாவட்டத்தினின்று பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பெற்ற பகுதி அது. அங்கே பெரும்பரப்பு நிலம் நிலம்பூர்க் கோவிலகத்தாரின் ஜென்ம உரிமையில் இருந்தது. தோட்டத்தார் பலர் அவர்களிடம் குத்தகை பெற்றே பயிரிட்டனர்.

1969-இல் தமிழக அரசு அவ்வுரிமையை ஒழித்து, நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றச் சட்டம் இயற்றியது. வழக்குகள் எழுந்தன. 1972-இல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில், உழவுச் சீர்திருத்தத்திற்காக நிலம் எடுப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. காடுகளை எடுப்பது அச்சீர்திருத்தத்தின்பாற் படாது என்று கூறி, அந்த அளவிற்குச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

1974-இல் நாடாளுமன்றம் அச்சட்டம் முழுவதையும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அடிப்படை உரிமைக்கு முரண் என்று காட்டி எவரும் அதனை எதிர்க்கலாகாது என்பதே இதன் கருத்து. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையையே அடிப்படை உரிமைகளின் வரிசையினின்று நீக்கியது. எனினும் அவ்வுரிமை மறைந்துவிடவில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறித்தலாகாது என்னும் 300-ஏ பிரிவாக அது நிலைபெற்றது.

கூடலூர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2007-இல் தீர்ப்பளித்தனர். கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வழங்கப்பட்ட 24-4-1973-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்கள், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பிற்கு ஊறு செய்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என அவர்கள் ஒருமனதாக அறுதியிட்டனர்.

வழக்குகள் நீண்ட காலமெல்லாம் பட்டாவின்றிக் காத்திருந்தோர் எளிய குடிகளே என்பதையும் நாம் மறத்தலாகாது. பொதுநன்மைக்காக நிலம் எடுக்க அரசிற்கு அதிகாரம் உண்டு. ஆயின் அவ்வதிகாரம் சட்டத்திற்கு உட்பட்டது. அச்சட்டமும் அரசியலமைப்பிற்கு உட்பட்டது. மாணவர்கள் இவ்வரிசையை உளங்கொள்ளின், ‘பறிமுதல்’ என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், ‘எந்தச் சட்டத்தின்படி? எந்த ஈட்டிற்கு?’ என்று வினவுதல் இயல்பாகும். குடியுரிமை பெற்ற மக்களுக்கு உரிய வினாக்கள் அவையே.