கடையை மூடினால் போதுமா?

2017 ஏப்ரல் 11 அன்று, மதுக்கடை வேண்டாமென்று நம் சாமளாபுரத்துப் பெண்கள் சாலையில் அமர்ந்து தடியடிபட்டதை நாடே அறியும். கடையை எதிர்த்த நாம், குடியில் வீழ்ந்தவர் எழுந்திருக்க எங்கே போவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஏக்ரன் நகர ஓட்டல் ஒன்றில் பில் வில்சன் என்பவர் மனம் சோர்ந்து நின்றார். குடியை விட்டு ஐந்தே மாதம். ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் ஆலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். தொலைபேசியை எடுத்தார். சபைப் போதகர் ஒருவர் சில பெயர்களைத் தந்தார். அவ்வழியே, மே 12 அன்று, குடிக்கு அடிமையான மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். குடித்தவன் துயரைக் குடித்தவனே அறிவான் அன்றோ! அந்தப் பேச்சில் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1939இல் அந்நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேசியா குடிநோயாளரையும் நோயாளராகவே ஏற்றார். 1957இல் இவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்தது.

இங்கே கட்டணமில்லை, பெயர் வெளியே போகாது, குடியை விடும் விருப்பமே தகுதி. குடும்பத்தாருக்கு அல்-அனான் உண்டு. கைநடுக்கம் உள்ளவர் முதலில் மருத்துவரைக் காண்பது நலம்.

அன்று அப்போதகர் உபதேசம் செய்யவில்லை, ஆளைக் காட்டினார். சனிக்கிழமைச் சம்பளம் வீடு சேராத குடும்பம் நம்மிடம் கேட்டால், கூட்டம் நடக்கும் இடத்தை விசாரித்துச் சொல்வோம். முதல் நாள் உடன் செல்வோம்.