வந்து சேர்ந்தும் நிலுவையில் கிடந்த செய்தி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள்.

உயர்தர வகுப்பில் பணிசெயல் முறைமை பாடம் நடந்துகொண்டிருந்தது. "நிலுவைச் சமிக்ஞை" என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், சமிக்ஞைதான் வந்து சேர்ந்துட்டுதே, பிறகென்ன நிலுவை?"

நல்ல கேள்வி. நாம் கிண்ணியாத் துறையடியை வைத்துத்தான் விளங்கப்படுத்தினோம்.

பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன்பு, டவுனுக்குப் போன கிண்ணியா ஆள் வீடு திரும்புவதென்றால் துறையடிக்கு வந்து பாதையில் ஏற வேண்டும். அவருக்கு அவசரச் செய்தி இருந்தால் டவுன் முழுக்கத் தேடி அலையத் தேவையில்லை. துறையடியில் ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதும், திரும்பும்போது காதில் விழும். அதுவரை அந்தச் செய்தி வந்துதான் இருக்கிறது. ஆனால் உரியவரைச் சேரவில்லை.

கணினியிலும் இதுதான் நடக்கிறது. கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் உட்கரு. நாம் ஓடவிடும் நிரல்கள் கோப்பு வாசிக்கவும் வலையமைப்போடு பேசவும் கேர்னலுக்குள் போய்த் திரும்புகின்றன. ஒரு நிரலுக்குச் சமிக்ஞை வந்தால் கேர்னல் அதன் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு வைக்கும். நிரல் கேர்னலை விட்டு வெளியே திரும்பும் வாசலில்தான் அந்தக் குறி பார்க்கப்படும். குறி போட்டதற்கும் பார்ப்பதற்கும் இடைப்பட்ட நிலையே நிலுவை.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸில் சமிக்ஞை இருந்தது, ஆனால் நம்பகமாக இல்லை. ஒரு சமிக்ஞையைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அதே சமிக்ஞை இன்னொரு தரம் வந்தால், நிரலே செத்துப்போக இடமிருந்தது. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் பதிப்புத்தான், "இப்போது வேண்டாம், நிலுவையில் வை" என்று பாதுகாப்பாகச் சொல்லும் வழியைத் தந்தது. பிறகு அது பொதுத் தரமாகியது. லினக்ஸும் அதையே பின்பற்றியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கேர்னலுக்குள்ளேயே பிறந்து, உள்ளேயே வேலை செய்து, உள்ளேயே முடிகிற பணியாளர்களும் உண்டு. நினைவகத்தைத் துப்புரவு செய்வது, தரவை வட்டில் எழுதுவது போன்றவை அவர்களின் வேலை. கேர்னல் த்ரெட் என்று பெயர். இவர்கள் வெளியே திரும்புவதே இல்லை. துறையைக் கடக்காதவருக்குத் துறையடியில் சொல்லி வைத்த செய்தி எப்படிக் கிடைக்கும்?

ஆகவே லினக்ஸில் கேர்னல் த்ரெட்டுக்கு வரும் சமிக்ஞைகள் வழமையாகப் புறக்கணிக்கப்பட்டே விடும். வேண்டுமென்றால் அதை எழுதுபவரே எந்தச் சமிக்ஞைக்கு அனுமதி என்று சொல்ல வேண்டும். பிறகு த்ரெட் தானாகவே அடிக்கடி "எனக்கு ஏதும் நிலுவை உண்டா?" என்று கேட்க வேண்டும். 2004இல் ரஸ்டி ரஸல் எழுதிச் சேர்த்த ஏற்பாட்டில், "நான் நிறுத்த வேண்டுமா?" என்று த்ரெட் கேட்பதற்கென்றே தனி வழி வைக்கப்பட்டது.

அதே 2004ஐ நம்மால் மறக்க முடியாது.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயாவும் கூட. காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுமாத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. கண்டிப் பக்கம் பல்லேகலையில் உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பின் கருவி ஒன்று இருந்தது. சில நிமிடங்களில் அதிர்வு அதில் பதிவாகிவிட்டது. ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் 15 நிமிடத்தில் அறிக்கை விட்டது, ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு ஏற்பாடே இருக்கவில்லை. அலை நமது கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிந்தது. மூதூர், கிண்ணியா, டவுன், குச்சவெளி என்று நமது மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள்.

சமிக்ஞை நாட்டுக்குள் வந்திருந்தது. அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்து கரைக்குச் சொல்லும் பொறுப்புத்தான் யாரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. குறி விழுந்தது, வாசல் இல்லை.

பாடத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. கேர்னல் த்ரெட் ஒரு சமிக்ஞையை ஏற்றுக்கொண்டு, அந்தக் குறியை அழிக்காமல் விட்டால், அதனால் உறங்க முடியாது. கண் மூடியதும் குறி எழுப்பிவிடும். திரும்பத் திரும்ப எழும்பி, ஒரு வேலையும் செய்யாமல் கணினியின் சக்தியைத் தின்னும். சுனாமிக்குப் பின் வந்த மாதங்களில் நாமும் அப்படித்தான் இருந்தோம். "கடல் வருது" என்று யாரோ ஒருவர் கத்தினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. அது பொய் என்று பொறுப்போடு சொல்லி, மனதிலிருந்த குறியை அழிக்க ஆள் இருக்கவில்லை.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையமும் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை கரைக்கு வந்தது, மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. எச்சரிக்கை முறைப்படி நீக்கப்பட்டது, மக்கள் வீடு திரும்பினார்கள். செய்தி வந்தது, கவனிக்கப்பட்டது, பிறகு அழிக்கப்பட்டது. மூன்றும் நடந்தன.

இப்போது நமது மஹல்லாக்களிடம் ஒரு கேள்வி. இரவு 2 மணிக்கு எச்சரிக்கை வந்தால் நமது ஊரில் அதை முதலில் பெறுகிறவர் யார்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் திறப்பு யாரிடம்? அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? "ஆபத்து நீங்கியது" என்று அறிவிப்பது யார்? மீன்பிடிச் சங்கமும் பள்ளி நிர்வாகமும் பாடசாலையும் ஒருநாள் கூடி இருந்தால், ஒரு தாளில் எழுதி முடிக்கக்கூடிய வேலை இது. சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேட்கலாம். கேள்விப்பட்டதை அப்படியே பகிர வேண்டாம்.

அன்று மௌத்தானவர்கள் எல்லோருக்காகவும் துஆச் செய்வோம். உங்கள் ஊரில் அந்தத் தாள் ஏற்கனவே இருந்தால் கீழே எழுதுங்கள், மற்ற ஊர்களுக்கும் உதவும்.