நொச்சியும் வாகையும்: கோப்பை, தரமிறக்கம், டெல்லி

2013 செப்டம்பரில் டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் ஓஎன்ஜிசி அணியை 2-1 என்று வென்று, கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் டுராண்ட் கோப்பையை எடுத்தது. டுராண்டை வெல்லும் அணிக்கு ஒன்றல்ல, மூன்று கோப்பைகள் கிடைக்கும்: பழைய டுராண்ட் கோப்பை, சிம்லா நகரத்தார் 1904இல் கொடுத்த சிம்லா டிராபி, ராஜேந்திர பிரசாத் காலத்திலிருந்து வழங்கப்படும் குடியரசுத் தலைவர் கோப்பை. முதல் இரண்டும் சுழற்கோப்பைகள். திருப்பித் தந்துவிட வேண்டும். மூன்றாவதைக் கிளப்பே வைத்துக்கொள்ளலாம். முகமதன் அதற்கு முன் டுராண்டை வென்றது 1940 டிசம்பரில். அதுவும் டெல்லியில்தான், அன்றைய இர்வின் ஆம்பிதியேட்டரில், ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்ட்டைத் தோற்கடித்து. இந்தியக் கிளப் ஒன்று டுராண்டை வென்றது அதுவே முதல்முறை. இரண்டாவது வெற்றிக்கு 73 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த சீசன் அதோடு முடியவில்லை. 2014 பிப்ரவரியில் டாக்காவின் ஷேக் ஜமால் தன்மண்டி அணியைப் பெனால்டி ஷூட்டவுட்டில் வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டையும் முகமதன் வென்றது. 1971க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் ஷீல்டு. அடுத்த சில வாரங்களில் அதே அணி, நாட்டின் அன்றைய முதல்நிலை லீகான ஐ-லீகிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்குத் தரமிறங்கியது. நெடுநாள் தாகம் தீர்த்த இரண்டு கோப்பைகளும் ஒரு வீழ்ச்சியும் எட்டு மாதங்களுக்குள் நடந்து முடிந்தன.

இந்த எட்டு மாதங்களை வைத்து ஒரு பழைய கேள்வியைப் பார்க்கலாம். கோப்பையா, லீகில் தப்பிப் பிழைப்பதா என்று கேட்டால் ரசிகர் எதை மேலாகக் கருத வேண்டும்? என் விடை கோப்பை. ஆனால் அந்த விடை செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை டெல்லி அளவுக்குத் தெளிவாகக் காட்டும் ஊர் இந்தியாவில் வேறில்லை.

கேள்வி ரசிகரைப் பற்றியது என்பதை முதலில் மறக்கக் கூடாது. கிளப்பின் கணக்கரைக் கேட்டால் தப்பிப் பிழைப்பதே மேல் என்பார். ஒப்பந்தம் முடியப் போகும் வீரரும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார். அவரவர் பிழைப்பு அதில் இருக்கிறது. இவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரசிகர்கள் வரவு செலவு அறிக்கையை நெஞ்சில் சுமந்துகொண்டு, மானேஜரைப் போல வேடம் கட்டிப் பேசும் பழக்கம் அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. முதலாளியின் கவலையைக் கூலி வாங்காமல் சுமக்கும் வேலை அது.

நம் இலக்கண மரபில் இந்த இரண்டு மனநிலைகளுக்கும் பெயருண்டு. கோட்டையைக் காத்து நிற்பவன் சூடும் பூ நொச்சி. வென்றவன் சூடுவது வாகை. தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாகப் பகுத்தபோது வாகைக்குத் தனித்திணை தந்தது; கோட்டை காத்தலை, முற்றுகைத் திணையான உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை திணைகளைப் பன்னிரண்டாக்கியபோதுதான் நொச்சி தனித்திணையானது. காப்பதும் வீரமே என்று பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். தரமிறக்கத்திலிருந்து தப்பும் அணியின் கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் வெண்பாமாலையும் நொச்சியை வாகைக்கு மாற்றாக வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோட்டையைக் காத்தவன் போரில் வென்றவன் ஆகிவிட மாட்டான். அடுத்த முற்றுகைவரை இருந்துகொள்ளும் உரிமையைத்தான் அவன் பெறுகிறான்.

உலகறிந்த உதாரணம் விகன் அத்லெடிக். 2013 மே 11 அன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் பென் வாட்சன் அடித்த ஒரே கோலில் மான்செஸ்டர் சிட்டியை வென்று எஃப்ஏ கோப்பையை எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று பிரீமியர் லீகிலிருந்து வெளியேறினார்கள். எஃப்ஏ கோப்பையை வென்ற சீசனிலேயே தரமிறங்கிய முதல் அணி அதுதான். விகன் பிரீமியர் லீகில் எட்டு சீசன் இருந்தது. அதில் ஒரு சீசனில் எத்தனையாவது இடத்தில் முடித்தார்கள் என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லக்கூடியவர் சிலர்தான். வாட்சனின் தலை பந்தில் பட்ட கணத்தை அந்த ஊரில் மறந்தவர் இருப்பாரா?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும்; அதற்குப் பலமும் உண்டு. 2020இல் விகன் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. தரமிறங்கினால் தொலைக்காட்சிப் பணம் போகும், பணம் போனால் வீரர்கள் போவார்கள், சரிவு அங்கேயே நிற்காது என்பது வாதம். இங்கிலாந்தில் இது மெய். அங்கே தரமிறங்கும் அணிக்குப் பாரசூட் தொகை என்று சில ஆண்டுகள் தருகிறார்கள் என்பதிலிருந்தே பள்ளத்தின் ஆழம் தெரியும். ஆனால் இந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து ஐ-லீகின் மேல் போர்த்த முடியாது. விழுந்தால் இழப்பதற்கு, பெரும் ஒளிபரப்புப் பங்கு என்று ஒன்று அங்கே கிளப்புகளுக்கு இருந்ததே இல்லை. கேரளத்துக்கும் மணிப்பூருக்கும் போய்வரும் செலவைத் தாங்கிக்கொண்டு ஆடும் உரிமைதான் அங்கே ‘முதல் டிவிஷன்’.

அந்த உரிமையாவது உறுதியானதா? ஐஸால் எஃப்சியின் கதையைப் பாருங்கள். 2015-16 ஐ-லீகில் ஒன்பது அணிகள். கடைசி இடம் டிஎஸ்கே சிவாஜியன்ஸுக்கு. ஆனால் அவர்கள் நேரடி நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே வந்தவர்கள். ஆகவே தரமிறக்கத்திலிருந்து விலக்கு. எட்டாவதாக வந்த ஐஸால் தரமிறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அந்த ஐஸால் ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போய், குவாஹாத்தியில் மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. பிறகு கோவாவின் சல்காவ்கரும் ஸ்போர்ட்டிங் கிளப்பும் லீகைவிட்டு விலக, ஐஸாலைத் திரும்ப உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். 2017 ஏப்ரலில் காலித் ஜமீல் பயிற்சியில் ஐஸால் ஐ-லீக் சாம்பியன். இதற்கும் பலன் இல்லை. 2019இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டப்படி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நாட்டின் முதல் லீகானது. ஐ-லீக் அணிகள் அத்தனையும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமலே ஒரு படி கீழே போய்விட்டன.

விழாதவனும் விழுவான், விழுந்தவனும் எழுவான் என்றால் அது ஏணி ஆகாது, சீட்டுக் குலுக்கல். 2024-25 ஐ-லீகின் சாம்பியன் யார் என்பதே 2025 ஜூலையில் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில்தான் முடிவானது. சர்ச்சில் பிரதர்ஸுக்கு அறிவித்த பட்டம் இன்டர் காஷிக்குப் போனது. இப்படிப்பட்ட அட்டவணையில் பத்தாவது இடத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு ரசிகர் டுராண்ட் இறுதிப் போட்டியை விட்டுக்கொடுக்க வேண்டுமென்று சொல்வது எந்த நியாயம்?

இருந்தாலும் முகமதன் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2014இல் இறங்கியவர்கள் ஐ-லீகுக்குத் திரும்ப 2020 அக்டோபரின் தகுதிச் சுற்றுவரை காத்திருந்தார்கள். பத்து வயதில் அப்பாவோடு ஷீல்டு பார்த்த பையனுக்கு மீசை முளைத்துவிடும் காலம். வெறுமையான சீசன்கள் கழிந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். முகமதன் ரசிகர்கள் காத்திருக்கப் பழகியவர்கள். 73 ஆண்டுகள் முன்னால் நிற்க, ஆறரை ஆண்டு ஒரு பெரிய தொகை அல்ல. தரமிறக்கத்தைத் திருப்பி அடைக்கலாம். 2023-24இல் ஐ-லீகை வென்று ஐஎஸ்எல்லுக்கே ஏறிப்போய் அவர்கள் அதை அடைத்தும்விட்டார்கள். கோட்டைவிட்ட இறுதிப் போட்டியைத் திருப்பி ஆட வழியில்லை.

இனி டெல்லி. கோப்பைதான் எல்லாம் என்று வாதாடுபவனுக்கு இந்த ஊர் சங்கடமான சாட்சி. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டுராண்ட் 1940இல் டெல்லிக்கு வந்து, இடைவெளிகளோடு 2016வரை இங்கே இருந்தது. 1945இல் தொடங்கிய டிசிஎம் டிராபிக்கு ஈரானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் அணிகள் வந்தன. கோப்பைக்குப் பஞ்சமில்லாத ஊர். குன்னூர் பக்கத்து வெலிங்டனிலிருந்து வந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955இலும் 1958இலும் டுராண்டை வென்று போனதைத் தமிழ்நாட்டிலேயே பலர் அறியார். 1997இல் எஃப்சி கொச்சின் வென்று கேரளத்துக்கு முதல் டுராண்ட் பெருமையைக் கொடுத்தது. அந்தக் கிளப் இன்று இல்லை, அந்த வெற்றி இருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் விருந்தினர் வெற்றிகள். கொல்கத்தா அணி ஆடினால் சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ராணுவ அணி ஆடினால் கண்டோன்மென்ட்டிலிருந்து. ஆட்டம் முடிந்ததும் டெல்லி கேட் வழியே அவரவர் திக்கில் கலைந்தார்கள். கோப்பை, டெல்லிக்குப் பார்வையாளர்களைத் தந்தது. ரசிகர்களை, அதாவது ஒரு பெயருக்காக ஆண்டு முழுவதும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர்களைத் தரவில்லை. அவர்களை உருவாக்குவது லீக். அதிலும் குறிப்பாக, விழுந்துவிடுவோமோ என்ற பயம். நான் சொன்ன நிபந்தனை இதுதான்: பயம் இருக்கும் இடத்தில்தான் கோப்பைக்கு முழு விலை. முகமதன் ரசிகர் டுராண்டில் கண்ட ஆனந்தம், எந்நேரமும் விழக்கூடிய ஒரு கிளப்பின் ஆனந்தம்.

பயத்தை நீக்கிவிட்டால் ரசிகர் பாதுகாப்பாக இருப்பார் என்று நம்பித்தான் 2014இல் ஐஎஸ்எல் தரமிறக்கமே இல்லாமல் தொடங்கியது. டெல்லி டைனமோஸுக்கு விழும் ஆபத்து ஒருநாளும் இருந்ததில்லை. ஐந்து சீசன் ஆடினார்கள். 2015இலும் 2016இலும் அரையிறுதி. 2019இல் கிளப்பை மூட்டை கட்டி புவனேஸ்வருக்குக் கொண்டுபோய் ஒடிஷா எஃப்சி என்று பெயர் மாற்றினார்கள். 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் அந்த ஒடிஷா பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தது. ஐந்து ஆண்டு நேரு ஸ்டேடியத்தில் கைதட்டியவர்களுக்கு அதில் என்ன பங்கு? தரமிறங்கிய கிளப்பின் ரசிகருக்கு அடுத்த ஆண்டு சின்ன மைதானமாவது மிஞ்சும். உரிமம் இடம்பெயர்ந்தால் அதுவும் மிஞ்சாது.

ஆகவே கோப்பையா பிழைப்பா என்று ரசிகரிடம் கேட்கும் முன், அவருக்கு அந்த இரண்டில் ஒன்றையாவது கொடுத்திருக்கிறோமா என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். தரமிறக்கத்தை எல்லா அணிக்கும் ஒரே விதமாக, கட்டணம் கட்டியவருக்கு விலக்கு இல்லாமல் நடத்த வேண்டும். மேலே ஏறிவரும் பாதையையும் அதே அளவு திறந்து வைக்க வேண்டும். 2024-25 சீசனிலிருந்து ஐஎஸ்எல்லிலும் தரமிறக்கம் வரும் என்று அந்த 2019 திட்டத்தில் எழுதியிருந்தார்கள். அந்த சீசனில் ஐஎஸ்எல் அட்டவணையின் கடைசி இடம் முகமதனுக்கு, அவர்கள் இறக்கப்படவில்லை. அதே சீசனில் ஐ-லீகின் அடியில் முடித்து இறக்கப்பட்டது டெல்லி எஃப்சி. தலைநகரின் பெயரைச் சுமந்த அந்தக் கிளப்பின் சொந்த மைதானம் இருந்தது பஞ்சாபில்.