உயர்கல்வி நிதியுதவி (தமிழ்நாடு)

உயர்கல்வி நிதியுதவி என்பது கல்லூரிப் படிப்பின் செலவை ஈடுசெய்ய மாணவருக்கோ அவரது குடும்பத்துக்கோ கிடைக்கும் கட்டணச் சலுகை, உதவித்தொகை, அறக்கட்டளை உதவி, கல்விக் கடன் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவை ஒன்றிய அரசு, மாநில அரசு, வங்கிகள், அறநிலையங்கள் ஆகியவற்றின் வழியே வழங்கப்படுகின்றன. முதல் மூன்றும் திருப்பிச் செலுத்த வேண்டாதவை. கல்விக் கடன் வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டியது. இவற்றுள் பலவற்றுக்கான தகுதி, மாணவர் எந்த வழியில் கல்லூரியில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே நிதியுதவி பற்றி அறிந்திருப்பது இன்றியமையாதது.

வரலாறு

தமிழகத்தில் கல்விக்கான கொடைகளுள் பழமையானவற்றில் ஒன்று பச்சையப்பன் அறக்கட்டளை. 1794 இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற அறச்சொத்தின் ஒரு பகுதி நீதிமன்ற ஆணைப்படி கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842 இல் சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்தில் இவ்வறக்கட்டளையின் ஆடவர் கல்லூரி 1947 இல் தோன்றியது.

பட்டியல் சாதி மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை ஆங்கிலேயர் ஆட்சியில் 1944 இல் தொடங்கி, பின்னர் பழங்குடி மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. 1984 முதல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. இடங்கள் பெருகின, படிப்பின் செலவு குடும்பத்தின் தோளுக்கு மாறியது. நன்கொடை வாங்குவதைத் தடுக்க மாநில அரசு 1992 இல் சட்டம் இயற்றியது. 2001 இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

கட்டணமும் சேர்க்கை வழியும்

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கலந்தாய்வு மூலமும், நிருவாக ஒதுக்கீட்டு இடங்கள் கல்லூரியாலும் நிரப்பப்படுகின்றன. 2017 இல் கட்டண நிர்ணயக் குழு, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு ரூ. 55,000 என்றும், நிருவாக ஒதுக்கீட்டில் ரூ. 87,000 என்றும் வரையறுத்தது. அக்கட்டணப்படி நான்கு ஆண்டுகளில் வேறுபாடு ரூ. 1,28,000 ஆகும். விடுதி, பேருந்து, தேர்வு, நூல் செலவுகள் இதில் அடங்கா.

மேலும், கீழே கூறப்படும் முதல் தலைமுறைச் சலுகையும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்க்கே உரியவை. "இடம் போய்விடும்" என்ற அச்சத்தில் கலந்தாய்வுக்கு முன்பே நிருவாக ஒதுக்கீட்டில் பணம் கட்டும் குடும்பம், கூடுதல் கட்டணம் செலுத்துவதோடு இச்சலுகைகளையும் இழக்கிறது.

மாநில அரசின் உதவிகள்

* முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை: 2010-11 கல்வியாண்டில் அறிமுகமானது. குடும்பத்தில் எவரும் பட்டதாரியாக இல்லாத நிலையில், தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கற்பிப்புக் கட்டணச் சலுகை அளிக்கிறது. பெற்றோர், இரு வழித் தாத்தா பாட்டியர், உடன்பிறந்தோர் ஆகியோர் கணக்கில் கொள்ளப்படுவர். ஒரு குடும்பத்தில் ஒருவரே இதைப் பெறலாம். இதற்கான சான்றிதழை வருவாய்த் துறை வழங்குகிறது. இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம்.
* 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு: அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ளது. இதன்படி பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் சேர்வோரின் கற்பிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது.
* புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேர்ந்தோருக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் திட்டங்கள். மாணவியருக்கானது 2022 செப்டம்பரிலும், மாணவருக்கானது 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் இவை உரியவை.

கல்விக் கடன்

மாதிரித் திட்டத்தின்படி ரூ. 4 இலட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடோ மூன்றாம் நபர் பிணையோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுவர். 2015 இல் அமைக்கப்பட்ட கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் ரூ. 7.5 இலட்சம் வரையிலான கடனும் ஈடின்றி வழங்கப்படலாம். கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதி, தேர்வு, நூல், கணினி ஆகிய செலவுகளையும் கடனில் சேர்க்கலாம். படிப்புக்காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் அக்காலத்துக்கும் தனிவட்டி கணக்கிடப்படும்.

எடுத்துக்காட்டாக, நான்காண்டுப் படிப்பில் ஆண்டுதோறும் தொடக்கத்தில் ரூ. 1 இலட்சம் பெறப்படுவதாகவும், வட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். தவணை தொடங்கும்போது முதல் இலட்சத்துக்கு ஐந்து ஆண்டுகளும், அடுத்தவற்றுக்கு முறையே நான்கு, மூன்று, இரண்டு ஆண்டுகளும் வட்டி சேர்ந்திருக்கும். அதாவது:

50,000 + 40,000 + 30,000 + 20,000 = ரூ. 1,40,000

ஆகவே கடன் ரூ. 5,40,000 ஆகிறது. பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 7,100 வரும். இடைக்கால வட்டி இல்லையெனில் தவணை ஏறத்தாழ ரூ. 5,300 மட்டுமே.

இந்த இடைக்கால வட்டியை ஒன்றிய அரசே செலுத்தும் வட்டி மானியத் திட்டம் 2009-10 இல் தொடங்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 4.5 இலட்சத்துக்கு மிகாத, தொழில் மற்றும் தொழில்நுட்பப் படிப்பு மாணவருக்கு இது உரியது. ஒருவருக்கு ஒரு முறையே கிடைக்கும். உடல்நலம் போன்ற காரணமின்றிப் படிப்பை இடையில் நிறுத்தினால் உரிமை போய்விடும். வருமானச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் இதை இழப்பவர், மேற்கண்ட எடுத்துக்காட்டில் ரூ. 1,40,000 ஐத் தாமே சுமக்க நேரிடும்.

2015 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வித்யாலட்சுமி இணையத்தளம் வழியாக வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தெரிவு செய்யப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் பெற வழிசெய்கிறது. இத்திட்டத்தில் குடும்ப வருமானம் ரூ. 8 இலட்சம் வரை உள்ளோருக்கு ரூ. 10 இலட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காட்டு வட்டிக் குறைப்பும் உண்டு.

நெசவாளர் குடும்பங்கள்

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே அமைந்த ஐயம்பேட்டை (தஞ்சாவூர் மாவட்டத்து ஐயம்பேட்டை வேறு) பட்டு நெசவை வாழ்வாகக் கொண்ட ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் ஊறினால் நெசவு தடைப்படும். அதை அடுத்து திசம்பர், சனவரியில் இரண்டாம் பருவக் கட்டணம் வந்து நிற்கும். கட்டணம் மொத்தமாகவும் முன்னதாகவும் கேட்கப்படுகிறது. கூலி சிறுகச் சிறுக வருகிறது. உதவித்தொகையோ பின்னர் வங்கிக் கணக்கில் சேர்கிறது. இந்த இடைவெளியிலேயே கந்துவட்டியும், முதலாளியிடம் பெறும் முன்பணமும் நுழைகின்றன.

முன்பணம் என்பது இப்பகுதியில் கசப்பான வரலாறு உடையது. பெற்றோர் பெற்ற முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் தறியில் அமர்த்தப்பட்டதை, மனித உரிமைகள் கண்காணிப்பகம் பட்டுத் தொழில் குறித்து 2003 இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாகும். தறியில் அமர்த்தப்பட்ட தலைமுறையின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குச் செல்லும்போது, படிப்புக்காக மீண்டும் முன்பணம் பெறாதிருக்க வங்கிக் கடனும் சேமிப்புமே மாற்று வழிகள்.

கூட்டுறவு சங்க உறுப்பினருக்குச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. இதில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, 4 காசு மாநில அரசு சேர்க்கிறது. நெசவாளர் குடும்பத்தினர் திறந்தநிலைக் கல்வி பயில ஏதுவாக, 2016 இல் ஒன்றிய ஜவுளி அமைச்சகம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடன் உடன்பாடு செய்தது. இதன்படி பட்டியல் சாதி, பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், பெண்கள் ஆகியோரின் கட்டணத்தில் 75 விழுக்காட்டை அமைச்சகம் ஏற்கும்.

திட்டமிடும் வரிசை

1. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே வருமானம், சாதி, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ்களைப் பெறுதல்.
2. மாணவர் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாருடன் இணைத்தல்.
3. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் கலந்தாய்வையும் முதலில் நாடுதல்.
4. சலுகைகளையும் உதவித்தொகைகளையும் கழித்து எஞ்சிய தொகைக்கு மட்டும் கடன் பெறுதல்.
5. இயன்றால் படிப்புக்காலத்திலேயே வட்டியைச் செலுத்துதல்.

இவற்றையும் பார்க்க

* கல்விக் கடன்
* பச்சையப்ப முதலியார்
* காஞ்சிபுரம் பட்டு
* தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை

பகுப்புகள்: தமிழ்நாட்டில் கல்வி | தனிநபர் நிதி | காஞ்சிபுரம் மாவட்டம்