மண்ணுக்குள் புதைத்த கடுகு

சமையலறை அலமாரியின் பின்வரிசையில், எப்போதோ வாங்கி மறந்துபோன கடுகுப் பொட்டலம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும்தானே? 'இது இன்னும் நல்லா இருக்கா?' என்று முகர்ந்து பார்ப்பீர்கள். ஒன்றும் தெரியாது. முழுக் கடுகு அத்தனை அழுத்தம்!

கடுகு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதைப் பார்க்க ஒருவர் அதை மண்ணில் புதைத்தே வைத்தார். பெயர் வில்லியம் ஜேம்ஸ் பீல். அமெரிக்காவில், மிச்சிகன் விவசாயக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர். அந்த ஊர் விவசாயிகளுக்கு ஒரு பெரிய தலைவலி. களையைப் பிடுங்கப் பிடுங்க மறுபடி முளைக்கிறதே, மண்ணில் கிடக்கிற விதை என்றைக்குத்தான் தீரும்? (கருங்கடுகும் அங்கே களைதான். நாம் காசு கொடுத்து வாங்குவதை அவர்கள் திட்டிக்கொண்டே பிடுங்கினார்கள்!)

1879-ல் பீல் 20 கண்ணாடி பாட்டில்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஈர மணலோடு, 20-க்கும் மேற்பட்ட செடிகளின் விதைகளை வகைக்கு 50 வீதம் கலந்தார். கருங்கடுகும் அதில் உண்டு. மூடி போடவில்லை. தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கல்லூரி வளாகத்தில் ஓரிடத்தில் புதைத்தார். 5 வருடத்துக்கு ஒரு பாட்டில் என்பது திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முடிய 100 வருடம் ஆகும். தான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே ஆரம்பித்த வேலை!

1924-ல், 91 வயதில் பீல் மறைந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இடைவெளியை முதலில் 10 வருடமாக, பிறகு 20 வருடமாக நீட்டினார்கள். இடம் பரம ரகசியம். வரைபடம் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். தோண்டுவது இருட்டில். வெளிச்சம் பட்டால் சில விதைகள் விழித்துக்கொள்ளுமே!

2020-ல் எடுக்கவேண்டிய பாட்டில் கொரோனாவால் 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. விடியற்காலை, குளிர். வரைபடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு வேறு இடத்தைத் தோண்டிவிட்டார்கள். பாட்டிலைக் காணோம்! வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நல்லவேளை, கொஞ்சம் தள்ளித் தோண்டியதும் கிடைத்தது. அதிலிருந்து முளைத்தது வெர்பாஸ்கம் என்கிற களைச்செடி.

சரி, நம்ம கடுகு? 50-வது வருட பாட்டிலில்கூடச் சில முளைத்தன. அதற்குப் பிறகு இல்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு சும்மாவா?

உங்கள் அலமாரிக் கடுகு முளைக்க வேண்டாம், காரமாக இருந்தால் போதும். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு ஸ்பூன் கடுகைப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். காரத்துக்கான பொருளும், அதைக் கிளப்பிவிடும் நொதியும் விதைக்குள் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கி, ஈரம் பட்ட பிறகே இரண்டும் சந்திக்கும். வெந்நீர் ஊற்றினால் நொதி செத்துவிடும், சோதனையும் போச்சு. திறந்ததும் மூக்கில் சுள்ளென்று ஏறினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பொடியாக வாங்கியதை மட்டும் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். முழுக் கடுகின் ஆயுள் அதற்குக் கிடையாது. ஈர ஸ்பூனை எதிலும் விடாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

மிச்சிகனில் இன்னும் நான்கு பாட்டில்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. கடைசி பாட்டிலை எடுக்கவேண்டிய வருடம், 2100.