முன்னுரையும் மகாகவிச் சண்டையும்

புதுச்சேரிக் கடற்கரையில், நிலா வெளிச்சத்தில் பாரதி தாம் கட்டிய புதுப் பாட்டுகளைத் தாமே பாடுவார். கேட்டவர்களில் ஒருவர் வ.வே.சு. ஐயர். 'கண்ணன் பாட்டு' 1919இல் இரண்டாம் பதிப்பு கண்டபோது முன்னுரை எழுதியவரும் அவரே.

நண்பரின் நூலுக்கு முன்னுரை என்றால் இன்று பொன்னாடைதான். ஐயரும் புகழ்ந்தார், தாராளமாகவே. ஆனால் கடவுளை நாயகனாகவோ நாயகியாகவோ வைத்துப் பாடுவது எளிதில் சறுக்கிவிடும் காரியம் என்று எச்சரித்து, பாரதியின் காதல் பாடல்களில் பக்தியைவிடச் சிருங்காரம் மேலோங்குவதையும் சொன்னார். கம்பனை ஆழ்ந்து கற்றவர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர். எந்தத் தராசில் நிறுக்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்தது. அவர் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்தச் சிருங்காரம்தான் கண்ணம்மாவை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனாலும் மறுக்க வேண்டுமானால் பாட்டை எடுத்துப் படித்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை ஐயர் உண்டாக்கினார். கவிஞர் உயிரோடிருக்கும்போதே, அவர் நூலுக்குள்ளேயே அந்தக் குறை அச்சேறியது என்பது இன்னும் பெரிய விஷயம்.

1930களின் நடுவில் எழுந்த சண்டை வேறு ரகம். பாரதி மறைந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. புதுச்சேரியில் அவரோடு பழகிய வ.ரா., ஷெல்லியும் தாகூரும் அவருக்கு ஈடில்லை என்ற அளவுக்குப் போனார். நல்ல கவி, தேசிய கவி, ஆனால் மகாகவி அல்லர் என்றார் கல்கி. பேச்சு பாட்டை விட்டுப் பட்டத்துக்குத் தாவியது. எந்த வரி, எந்தச் சொல் என்று கேட்பார் குறைந்து, எந்தக் கட்சி என்பதே முன்னால் வந்தது.

அதிலும் ஒரு விளைச்சல் உண்டு. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து 'கண்ணன் என் கவி' எழுதினார்கள். கட்சி கட்டிய நூல்தான். ஆனாலும் கவிதையைக் கவிதையாக வைத்து வாதாடியது. ஐயரின் முன்னுரைக்கு அப்படி ஒரு பதில் நூல் வரவில்லை.

மகாகவிப் பட்டத்தை மறுத்த அதே கல்கிதான் பின்னாளில் வாசகர்களிடம் நிதி திரட்டி எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1947இல் அது திறக்கப்பட்டது. இதைப் பிராயச்சித்தம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல கவி என்று அவர் அன்றே சொல்லியிருந்தார். மண்டபம் கட்ட அது போதாதா?